வத்தலுக்கு நடுவே ஒரு எண்ணெய் பாட்டில்

அத்தைக்கு முழங்கையிலும் முழங்காலிலும் தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்டு உதிரும். அப்பாவின் ஒரே தங்கை அவள். ராஜபாளையத்தில் எங்களோடுதான் இருந்தாள். பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை, அங்கே யாரோ கையைப் பார்த்து முகம் சுளித்ததிலிருந்து அப்பா அனுப்பவில்லை. எண்பதுகளின் கடைசி அது. நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன்.

டாக்டர் அதற்குச் சோரியாசிஸ் என்று பெயர் சொன்னார். ஒட்டாது என்றும் சொன்னார். வீட்டில் எல்லோரும் அதை நம்பினார்கள். நம்பிக்கொண்டே அத்தையின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார்கள். ஒட்டாத நோய்க்கு எதற்குத் தனித் தட்டு என்று கேட்டேன். "பேசாமத் தின்னு" என்றாள் அம்மா. அந்த வயதில் நான் கேட்ட பாதிக் கேள்விகளுக்கு அதுதான் விடை.

கூமாப்பட்டி வைத்தியர் ஒருவர் சொன்ன பக்குவம்தான் நடந்துகொண்டிருந்தது. வெட்பாலை இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடி பாட்டிலில் வெயிலில் வைக்க வேண்டும். பச்சை இலை போட்ட எண்ணெய் சில நாளில் நாவற்பழ நிறத்துக்கு மாறிவிடும். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. குளிக்கச் சோப்பு கிடையாது, பாசிப்பயற்று மாவுதான். கருவாடும் கத்தரிக்காயும் ஆகாது. எண்ணெய் தேய்த்த இடத்தில் காலை இளவெயில் பட வேண்டும் என்பதுதான் முக்கியம். சிக்கலும் அதில்தான். வைத்தியர் வெயிலில் காட்டச் சொன்னதை ஒரு மனுஷர் கண்ணிலும் காட்டக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

அம்மா அதற்கொரு வழி கண்டுபிடித்தாள். மொட்டை மாடியில் வத்தல் காயப்போடுவது. வத்தலுக்குக் காவல் என்ற பெயரில் அத்தை கையைக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அத்தைக்குக் காவல் நான். பக்கத்து மாடியில் தலை தெரிந்தால் காக்கா விரட்டுவதுபோல் கத்த வேண்டும். யாராவது பாட்டிலைப் பற்றிக் கேட்டால் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்று சொல்ல வேண்டும். அந்த முழுப்பரீட்சை லீவில் எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணத்துக்குக் காணுமளவு வத்தல் சேர்ந்துவிட்டது. செதில் குறைந்ததே தவிரப் போகவில்லை.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன் வந்த இரண்டும், அத்தையின் தோல் விஷயம் யார் வாயிலோ புகுந்து, நின்றுபோயிருந்தன. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அம்மா அடுப்படியில் சொல்வாள், அத்தையின் காதில் விழும்படியே.

ஒருநாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் பால்கோவாவோடு வந்து நின்றார். முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், ஜோடனை இல்லாமல் பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க இப்படி வருவதுண்டு. கேட்டால் ஜவுளி எடுக்க வந்தோம் என்பார்கள். குரல் கேட்டதும் அத்தை பின்படி வழியாக இறங்கி ஓடி, முழங்கை மறைக்கும் ரவிக்கைக்கு மாறினாள். நான் வத்தலுக்குக் காவல் இருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. காப்பி கொடுத்த அம்மா, பெருமை தாங்காமல், அத்தை போட்ட வத்தல் மாடியில் காய்கிறது என்று சொன்னதுதான் வினை. வரப்போகும் மருமகளின் கைப்பக்குவத்தைப் பார்க்காமல் போவாரா? அம்மா அத்தைக்குத் தலைவாரிவிட உள்ளே போன நேரத்தில் அந்த அம்மா மாடிக்கே வந்துவிட்டார்.

வத்தலில் ஒன்றை ஒடித்து வாயில் போட்டவர், பாட்டிலைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் ஒப்பித்துவிட்டேன், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்று. அவர் பாட்டிலை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"தலைக்குத்தான். எங்க வீட்லயும் ஒருத்தருக்குப் போடுதோம்த்தா. இன்னும் ரெண்டு வெயிலு பட்டா நல்லா நெறம் ஏறிரும்."

நிழல் விழுந்த இடத்திலிருந்து பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு இறங்கிப் போனார். கீழே அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். கிளம்பும்போது தன் தலைப்பூவில் பாதியை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை எல்லோரும் வருவதாகச் சொன்னார். அத்தை அன்று பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

மில்லிலிருந்து அப்பா வந்து சாப்பிட உட்கார்ந்ததும், சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று, அவர்கள் வீட்டிலும் இதே எண்ணெய் இருப்பதைச் சொன்னேன். எல்லோரும் குதிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அத்தைக்குப் பாட்டில் தூக்கிக்கொண்டு போகும் வேலைகூட மிச்சம். அப்பா என்னை மூன்று தடவை சொல்லச் சொன்னார். பிறகு பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். படை இருக்கிற வீட்டில் தெரிந்தே பெண்ணைத் தள்ள முடியாது என்றார்.

நம் அத்தைக்கும்தானே இருக்கிறது என்று கேட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "அதுக்குத்தாம்ட்டி. இங்க இருக்கது போதாதா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பால்கோவாவைத் திருப்பி அனுப்பவில்லை. அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு சம்பந்தம் வரவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மாடியில், கையை வெயிலில் நீட்டியபடி, அத்தை என்னைக் கேட்டாள்.

"ஏட்டி, அவிய வீட்ல யாருக்குன்னு சொன்னாகளா? அந்த அம்மாவுக்கா, அவிய மகனுக்கா?"

தெரியாது என்றேன்.

"கேட்டிருக்கலாம்லட்டி."

என்னால்தான் எல்லாம் கெட்டது, அதற்குத்தான் வைகிறாள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் யார் எதைச் சொன்னாலும் வீட்டில் மூச்சுவிட மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அவள் என்னை வையவில்லை, முகம் தெரியாத அந்த மனிதரைப் பற்றித்தான் விசாரித்தாள் என்பது எனக்குப் புரிவதற்கு, ஒருவரைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாமல் நானே தவித்த வயது வர வேண்டியிருந்தது.