கணுக்காலுக்கு இறங்கிய கயிறு

சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் சூம்பியது என் வலது கால். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் என்னைச் சுமந்தது இடது கால்தான். உத்திரமேரூர் ஏரிக்கரையில் தினமும் சாயங்காலம் நடப்பேன். ஒரு மிதி, ஒரு தேய்ப்பு: அதுதான் என் நடையின் சத்தம். எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், மிதி கேட்க வேண்டிய இடத்திலும் தேய்ப்பு கேட்டது. யாரோ பின்னால் வருவதாக நினைத்து நின்றேன். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. புழுதியில் என் இரண்டு செருப்புகளும் கோடு இழுத்திருந்தன.

“அந்தி நேரத்துல அங்க இன்னா வேல உங்களுக்கு? எதையோ கூட இட்டுக்கினு வந்துக்கீறீங்க” என்றாள் மனைவி.

மறுநாளே மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனாள். அவர் இடது முழங்காலுக்குக் கீழே, கெண்டைச்சதைக்கு மேலே, கறுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். எல்லையம்மன் கோயிலைத் தினமும் முடிந்த மட்டும் சுற்றச் சொன்னார். ஒருநாள்கூடத் தவறாமல் சுற்றினேன். சுற்றிவிட்டு வந்தால் கால் நடுங்கியது. போகப்போக, வாசற்படி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிடித்தது விட்டுப் போகிற அறிகுறி என்றாள் அவள்.

ஒரு காலை குளிக்கும்போது பார்த்தேன். கயிறு கணுக்காலில் கிடந்தது. முடிச்சு அவிழவில்லை. மேலே ஏற்றிவிட்டேன், மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டது.

“புடிச்சி கீழ இழுக்குது” என்றாள், குரலைத் தாழ்த்தி.

இந்தக் காலும் போனால் நான் எழுந்து நிற்க வழியில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். அவர் கயிற்றைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விரலால் அதை மேலும் கீழும் நகர்த்தினார். பிறகு இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் அளந்தார். ரத்தப் பரிசோதனை, முதுகு எக்ஸ்ரே எல்லாம் பார்த்து, வேறு நோய் இல்லை என்று தெரிந்தபின் கேட்டார், சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் எந்தக் காலைப் பிடித்தது என்று. வலது என்றேன்.

“ரெண்டையும் பிடிச்சிருக்கு. இடது கால்ல தப்பிச்ச நரம்புங்க, செத்ததோட வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கு. இப்ப அதுங்களால முடியல. சதை கரையுது, அதான் கயிறு இறங்குது.”

போலியோ வந்து பல வருஷம் கழித்து இப்படி ஆவதைப் பற்றி டாக்டர்களே இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். போன பலம் திரும்புமா என்று கேட்டேன்.

“இருக்கறதைக் காப்பாத்தலாம். கோயில் சுத்தறதை நிறுத்துங்க. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துடுங்க.”

அன்று சாயங்காலம் எனக்குப் பதிலாக மனைவி சுற்றப் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் நீட்டியிருந்தேன். தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்தது. ஓரிடத்தில் அடங்கி, வேறிடத்தில் கிளம்பியது. அசைத்தது நானில்லை. எழுந்து நாலு எட்டு நடந்தால் அடங்கிவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, எழாமல் உட்கார்ந்திருந்தேன்.