அப்பா கேலரியில் உட்கார்ந்திருந்த மேட்ச்

கால்பந்து நடுவர் என்றாலே அப்பாவுக்கு ஆகாது. டிவியில் எந்த நாட்டு ஆட்டம் ஓடினாலும், முதல் விசில் ஊதின உடனே அந்த நடுவர் லஞ்சம் வாங்கிவிட்டார் என்று அப்பா முடிவு கட்டிவிடுவார். "பாத்தயா, வெலைக்குப் போயிட்டான்" என்பார். வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்க யாரிடமும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காதவர். மற்றவர்கள் வாங்குவது மட்டும் அவர் கண்ணுக்கு எப்படியோ பளிச்சென்று தெரிந்துவிடும்.

அந்த வீட்டிலிருந்துதான் நான் நடுவராகப் போனேன். லட்சியம் என்று ஒன்றும் இல்லை. கல்லூரி அணியில் எனக்குக் கிடைத்த நிரந்தர இடம் மைதானத்துக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சு. நடுவர் பயிற்சிக்குப் பெண்கள் வேண்டுமென்று ஒருநாள் கோச் சொன்னார். ஆட்டம் முடியும்வரை நடுவரை மாற்றி வேறு ஆளை இறக்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் இந்த வழிக்குப் போனதில்லை" என்றார். நான் வழிப்பறிக்குக் கிளம்பியது போல இருந்தது அவர் குரல்.

மலையாள நாட்டில் நாங்கள் குடியிருந்த ஸ்ரீவராகத்தில், எங்கள் தெருதான் என் பயிற்சி மைதானம். நடுவர் முன்னால் ஓடினால் மட்டும் போதாது. பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவும் ஓட வேண்டும். காலையில் வீட்டிலிருந்து குளம்வரை முன்னால் ஓடுவேன், குளத்திலிருந்து வீடுவரை பின்னால் ஓடி வருவேன். எதிர்வீட்டு மாமி சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் வழிமறித்தாள்.

"எந்த சுவாமிக்குடீ இது?"

"எது மாமி?"

"இந்தப் பின்னாடி ஓடற வேண்டுதல்."

கால்பந்து, நடுவர், பயிற்சி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். மாமி பொறுமையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொல்லப்படாதுன்னா சொல்ல வேண்டாம். பலிச்சா மட்டும் சொல்லு" என்றாள்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. சில வாரங்களில் மாமியின் தம்பி பெண் குளக்கரையில் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். ஓடுவதற்குக் கூச்சம் போலிருக்கிறது.

கணவருக்கு வளைகுடாவில் வேலை. அதனால் நான் அப்பா வீட்டிலேயே இருந்தேன். பகலில் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, விடுமுறை நாட்களில் விசில். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் பன்னாட்டு நடுவர் பேட்ஜ் கிடைத்தது. முதல் வெளிநாட்டு ஆட்டத்துக்கு லீவு கேட்டபோது சூப்பரிண்டெண்ட் விசாரித்தார்.

"ஜெயிச்சா மெடல் உண்டோ?"

"நடுவர் ஜெயிக்க முடியாது சார்."

"அப்போ தோத்தா?"

"தோக்கவும் முடியாது."

"பின்னே எதுக்கு இவ்வளவு தூரம் போறது?" என்றபடியே கையெழுத்துப் போட்டார்.

பனி கொட்டும் ஒரு ஊரில் இரண்டு நாட்டுப் பெண்கள் அணிகளுக்கு நடுவில் ஓடினேன். ஆட்டம் முடிந்ததும் நடுவர்களை மதிப்பிடும் அதிகாரி வந்து கைகொடுத்தார். "நீங்கள் மைதானத்தில் இருந்ததே தெரியவில்லை" என்றார். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பூரித்துப்போய் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அங்கே அப்பாவும் அதையேதான் சொன்னார்: "முழுசாப் பாத்தேன். நீ இருந்தாப்பலேயே தெரியலையேடீ. போகலையோ?"

நான் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் சொந்த ஊரில்தான் நடந்தது.

ஒரு போட்டியின் இறுதி ஆட்டம் அது, ஆண்கள் ஆட்டம். ஒரு பக்கம் எங்கள் ஊர்க் கடற்கரைப் பையன்களின் அணி, இன்னொரு பக்கம் வடக்கிலிருந்து வந்த அணி. ஸ்டேடியத்தில் உட்கார இடமில்லை. "நான் வரலை, எனக்கு பிளட் பிரஷர்" என்று அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார். ஆனால் நான் கிளம்பினதும் குடையை எடுத்துக்கொண்டு, டிக்கெட் வாங்கி, கேலரியில் போய் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் வடக்கு அணிக்காரன் அடித்த பந்து எங்கள் ஊர்ப் பையனின் நீட்டிய கையில் பட்டது. கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள், என் கண் எதிரில். விசில் ஊதி பெனால்டி கொடுத்தேன். அதில் கோல் விழுந்தது. ஊர் தோற்றது.

இந்த ஊரில் நடுவரைத் திட்டுகிறவர்கள் நடுவரோடு நிறுத்துவதில்லை. நேராக நடுவரின் தகப்பனாருக்குப் போய்விடுவார்கள். அன்று ஸ்டேடியம் முழுக்க என் அப்பாவைத் திட்டியது. விதவிதமாக, ராகம் போட்டுத் திட்டியது. தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. போலீஸ் என்னை ஓர் அறையில் உட்காரவைத்து, கூட்டம் கலைந்த பிறகு ஜீப்பில் வீட்டில் கொண்டுவந்து விட்டது.

பஸ்ஸில் வந்த அப்பா எனக்கு முன்பே வந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அது பெனால்டி இல்லைடீ" என்றார்.

"நீங்க வந்திருந்தேளா?"

"அவன் கையைக் கொண்டுபோய் வெச்சானா? பந்துன்னா வந்து பட்டுது!"

"கை நீட்டியிருந்ததுப்பா."

"ஓடறவன் கையை வேற எங்க வெச்சுப்பான்? பாக்கெட்லயா?"

அம்மா குறுக்கே வந்து எனக்குத் தட்டு வைத்தாள். அப்போதுதான் அப்பா கேலரியில் நடந்ததைச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில், மீன் மார்க்கெட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். நல்ல மனிதராம், வந்த நேரம் முதல் அப்பாவுக்கு நிலக்கடலை கொடுத்துக்கொண்டிருந்தாராம். பெனால்டி கொடுத்ததும் அவர் எழுந்து நின்று நடுவரின் தகப்பனாரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க என்ன பண்ணினேள்?" என்று அம்மா கேட்டாள்.

"நானும் எழுந்து நின்னேன். பெனால்டி தப்பு, நூத்துக்கு நூறு தப்புன்னு சொன்னேன். ஆனா அந்தப் பொண்ணோட அப்பா அந்த மாதிரி ஆள் கிடையாதுன்னேன். 'சேட்டன் அறியுமோ ஆளை?'ன்னு கேட்டான். நன்னாத் தெரியும், ரொம்ப மரியாதைப்பட்ட மனுஷன்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சாரி சொல்லிட்டு மறுபடியும் கடலை குடுத்தான்."

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே, "என்னைத் தவிர வேற யாராவது அவன் பக்கத்துல உக்காந்திருந்தா, நமக்காகப் பேச யார் இருந்திருப்பா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வரவில்லை என்று சொன்ன மனிதர் எதற்காக வந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாம்பாரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் யாரோ மொபைலில் எடுத்த வீடியோ வந்தது. பந்து கையில் படுவது தெளிவாகத் தெரிந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ஃபோன் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஐஸ் வியாபாரியும் அப்பாவும் அதற்குப் பிறகு சேர்ந்தே ஆட்டம் பார்க்கப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை வரும் போலிருக்கவே, அப்பாவைக் கூட்டிப்போக அவரே ஸ்கூட்டரில் வீடு தேடி வந்துவிட்டார். கதவைத் திறந்தது நான். என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த அப்பாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"என் மோளாக்கும்" என்றார் அப்பா.

ஐஸ் வியாபாரி தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சேட்டா, அந்நு ஒரு வாக்கு பறயாமாயிருந்நல்லோ" என்றார். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அர்த்தம். அம்மா காப்பி கொண்டுவந்தாள். அவர் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், தப்பா நினைக்கக் கூடாது. என்றாலும் அது பெனால்டிதானோ?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆமாம், பெனால்டிதான்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு அப்பா குடையை எடுத்துக்கொண்டார், ஸ்கூட்டர் கிளம்பியது.