தெருமுனை ஆஸ்பத்திரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதில், இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. அடிக்கடி வந்த தொண்டைப்புண்ணைக் கவனிக்காமல் விட்டதில் வால்வு கெட்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போடச் சொன்னார்கள். இராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி இருந்தது. அம்மாவோ என்னை பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போவாள். உள்ளூரில் போட்டால் நாலு பேருக்குத் தெரியும், தெரிந்தால் எவன் கட்டுவான்? போன காரணத்தை மறைக்க, திரும்பும்போது கால் கிலோ பால்கோவா. "இந்த வீட்டுல எம்புட்டுப் பால்கோவாதான் திம்பாகளோ" என்று தெருவே வாயைப் பிளந்தது. ஊசி போட்ட வலியில் உட்கார முடியாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். பஸ் தவறி ஊசி தள்ளிப்போனதும் உண்டு. கல்யாணம் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்து பேசினார். தொண்டைவலி, காய்ச்சல், அதற்குப் பின் மூட்டு வீக்கம் வந்தால் சும்மா விடக் கூடாது, அது இதயம்வரை போகும் என்றார். "இங்க யாருக்காச்சும் அப்படி இருக்கா?"

என் பக்கத்தில் இருந்த தோழி பாவாடையை இழுத்து முழங்காலை மூடினாள். தளவாய்புரத்திலிருந்து வருகிறவள். முழங்கால் சில நாளாகவே வீங்கியிருந்தது. வளர்கிற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும் என்று அவள் அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிட்டி" என்றேன்.

"ஏட்டி, சும்மாரு. எங்கம்மா கொன்னுபுடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நானே எழுந்தேன். "எனக்கு இருக்கு டாக்டர். வால்வு கெட்டுப்போச்சு, ஊசி போட்டுட்டு வாரேன். இவளுக்கும் முட்டி வீங்கியிருக்கு, பாருங்க."

திரும்பிப் பார்க்காத தலை இல்லை. அவள் அழுதுவிட்டாள். டாக்டரம்மா அன்றே அவளைப் பரிசோதித்தார். இதயத்துக்குப் போகுமுன் பிடித்துவிட்டோம், ஊசியை மட்டும் தவறவிடக் கூடாது என்றார்.

நான் வீடு சேருமுன் சேதி சேர்ந்திருந்தது. "ஒன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியேட்டி! இனி ஒன்ன எவன் கட்டுவான்?" என்று அம்மா முதுகில் அறைந்தாள்.

"கட்டாட்டி போறான்" என்றேன். இன்னொன்று விழுந்தது. எனக்கு வலிக்கவில்லை.

மறுநாள் தோழியின் அம்மா வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வந்தவளோ குரலைத் தாழ்த்தி, "மதினி, அடுத்து எப்ப ஊசிக்குப் போறீக? எம் பிள்ளையவும் கூட்டிட்டுப் போங்க. இங்கன எங்க ஊர்ச் சனம் நெறைய வரும், ஸ்ரீவில்லிபுத்தூர்னா யாருக்கும் தெரியாதுல்ல" என்றாள்.

அம்மா தலையாட்டப் போனாள். நான் முந்திக்கொண்டேன். "பஸ்ஸ விட்டா ஊசி தப்பிரும் அத்தை. இந்தத் தெருமுனையிலதான் போடுவோம். பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபாரத்தோடயே போறோம்."

"பாக்குற சனம் என்னட்டி சொல்லும்?"

"அவிய வீட்லயும் பிள்ளைக இருக்குல்ல அத்தை. பாக்கட்டும்."