மாப்பிள்ளை வண்டி டூரிஸ்ட் வண்டியா?

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில், பக்கத்து மலைக்கிராமமான நாகலூருக்குப் போகும் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டேன். ஏரியைக்கூடத் தாண்டவில்லை. முன்னால் கார், பின்னால் கார், பக்கத்தில் செல்ஃபி!

எனக்கு எரிச்சல். நெரிசலைப் பார்க்கவே என்னைக் கூட்டி வந்த தோழி கவிதாவுக்கோ கொண்டாட்டம். அவள் சேலத்தில் கணிதப் பேராசிரியை. ஏற்காடு ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஒரு மாடல் போட்டிருக்கிறாள். மறுநாள் ஊர்க் கமிட்டியில் அதைச் சொல்ல வேண்டும்.

"தண்ணி, பார்க்கிங், ரோடு... இதுல எது முதல்ல தீருதோ, அதோட ஊரும் ஃபுல். ரோடுதான் முதல்ல தீரும்னு சொன்னேன்ல, பாரு" என்று லேப்டாப்பைத் திருப்பினாள். வண்டிகள் கூடக் கூட மெதுவாக ஏறிய தாமதக் கோடு, ஓரிடத்தில் செங்குத்தாக எகிறியது. அந்த இடத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நிஜமாகவே சிலிர்த்தது. ஒரு டிராஃபிக் ஜாமை இப்படி ரசிக்க முடியுமா? முடிகிறதே!

அவள் தீர்வு எளிது — உள்ளூர் முகவரி இல்லாத வண்டியெல்லாம் டூரிஸ்ட். கணக்கு நிரம்பியதும் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

பக்கத்து சீட்டில் மாரியம்மா. எஸ்டேட்டில் வேலை. மடியில் சந்தையில் வாங்கிய பூவும் பழமும். அன்று சாயங்காலம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் எல்லோரும் வந்து சேர வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தார்.

மகளிடமிருந்து போன். "பயப்படாத கண்ணு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இப்பத்தான் பேசுனாங்க, அவங்க வேனும் கொண்டை ஊசி வளைவுல நிக்குதாம். நொம்பக் கூட்டமாம்" என்றவர், எங்களிடம் திரும்பினார். "ஏனுங்க, வந்துருவாங்கல்லங்க?"

கவிதா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் காதருகே, "என் கணக்குப்படி அந்த வேனை அடிவாரத்துலயே திருப்பியிருப்பேன்டி" என்றாள்.

ஒருவழியாக நெரிசல் விட்டது. நாகலூரில் இறங்கியதும் மாரியம்மா பையோடு ஓடினார். நாங்கள் டீக்கடையில் நின்றோம். டீ முடிவதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. "மாரியம்மா ஊடு எதுங்க?" என்றார் டிரைவர். நானும் கவிதாவும் ஒரே நேரத்தில் கை காட்டினோம். கவிதா விசில் அடிக்காத குறை!

மறுநாள் அவள் மாடலில் விருந்தாளிகளுக்குத் தனி இடம். 'யார் டூரிஸ்ட், யார் விருந்தாளி... அடிவாரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று கமிட்டியில் கேட்டார்களாம்.

"மேல யாராவது காத்துக்கிட்டிருந்தா விருந்தாளி. ஒரு போன் போட்டுக் கேட்டாத் தெரிஞ்சிடும்" என்றாளாம்.

எனக்காக மேலே யாரும் காத்திருக்கவில்லை. நான் டூரிஸ்ட்தான்; யாரும் திருப்பி அனுப்பாத பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்!