அய்யனார் காளையும் என் கார் கதவும்

போன மாதம் கீரனூர் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தாயிற்று. ஹாண்ட் பிரேக் போட்டாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸைக் கையில் வாங்கினேன்... டமார்!

அந்த ஊர்க் கோயில் காளை. பளபளத்த கதவில் தன்னையே பார்த்து, வேறு காளை என்று நினைத்ததோ என்னவோ – ஒரே முட்டு. இடது பின்கதவில், கைப்பிடிக்கு மூன்று அங்குலம் கீழே, ஓர் ஓட்டை. முட்டியவர் எதிர் வயலில் இறங்கி மேயத் தொடங்கிவிட்டார்.

நான் பதறவில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே! பதினோரு வருஷமாக என் தவறால் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆபீஸில் இதைச் சொல்லாத நாளும் இல்லை. அந்தப் பெயருக்கும் பங்கமில்லை. நின்ற காரைத்தானே முட்டியது?

இன்ஷூரன்ஸ் பாரத்தில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கேட்டிருந்தார்கள். மறு வாரம், சேதத்தை மதிப்பிடும் கம்பெனி ஸர்வேயரை அழைத்துக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனேன். அன்று பார்த்தவர்கள் இருவர் – கடைக்காரர் கருப்பையா, விவசாயி சின்னக்கண்ணு.

“மாடு முட்டினதை நீங்க பார்த்தீங்கதானே?” என்றேன்.

கருப்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமி மாடு முட்டுச்சுன்னு நான் எப்புடிங்க எழுதிக் குடுப்பேன்?”

“பின்னே, ஓட்டை எப்படி வந்தது?”

“மாடு அது பாட்டுக்கு அங்கிட்டுப் போச்சுங்க” என்றார் சின்னக்கண்ணு. “ஒங்க காருதான் கொம்புல இடிச்சிருச்சு.”

“நின்ன காரா?”

“அதாங்க எங்களுக்கும் ஆச்சரியமா இருக்கு!”

ஸர்வேயர் குனிந்து ஓட்டையை டேப்பால் அளந்தார். நிமிர்ந்தார். “மாட்டுக்குச் சொந்தக்காரர் யாருங்க? மாடு முட்டினதுன்னு எழுதினா, கம்பெனி அவர்கிட்டதான் நஷ்டத்தைக் கேக்கும்.”

இருவரும் சேர்ந்தாற்போலக் குளக்கரைப் பக்கம் கை காட்டினார்கள். அங்கே அய்யனார் மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

ஸர்வேயர் செருப்பைக் கழற்றினார். ஒரு கும்பிடு போட்டார். பிறகு என் காதோரம், “ஸார், நான் பிள்ளைகுட்டிக்காரன். அய்யனாருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. ஓட்டியவர் கவனக்குறைவுன்னு போட்டுடுங்க. பைல் முடிஞ்சுடும்” என்றார்.

“பதினோரு வருஷம், ஸார்...”

“பேர் வேணுமா, கதவு வேணுமா?”

யோசித்துப் பார்த்தேன். அந்த இருவர் மேலும் தப்பில்லை. சாட்சி சொல்பவன் நாளைக்கு யார் முகத்தில் விழிக்க வேண்டும் என்று பார்க்க மாட்டானா? நான் திருச்சிக்குப் போய்விடுவேன். காளை அங்கேயேதான் இருக்கும்!

கையெழுத்துப் போட்டேன். சாட்சிகள் இருவரும் சந்தோஷமாகப் போட்டார்கள். டீக்குக் காசு நீட்டினால் கருப்பையா வாங்கவில்லை.

“வேணாங்க. பாவம், ஓட்டத் தெரியாம சிரமப்படுறீங்க.”

புதுக்கோட்டைப் பட்டறையில் ஓட்டையை அடைத்து வர்ணம் அடித்தாயிற்று. கம்பெனிப் பணமும் வந்தது. கூடவே ஒரு கடிதம்: ‘இனிமேலாவது கால்நடைகளைக் கண்டால் காரை ஒதுக்கி ஓட்டவும்.’

ஒதுக்கலாம்... எஞ்சின் அணைத்த காரை எந்தப் பக்கம் ஒதுக்குவது?