இருபதுக்கு அடுத்து இருபத்திரண்டு

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் நான் பில் போடுகிறேன். பாஞ்சாலி அக்கா அங்கே பழம் தரம் பிரிக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அவர் சாப்பிடுவதில்லை. மகன் மாதேஷுக்குச் சிறுவயதில் வலிப்பு வந்ததிலிருந்து அந்த வழக்கம். வலிப்பு வந்த பிள்ளையை ஒரு தகப்பன் இயேசுவிடம் கொண்டுவரும் பகுதி மத்தேயு சுவிசேஷத்தில் உண்டு. ஜெபமும் உபவாசமும் இருந்தால்தான் இந்த வகைப் பிசாசு விலகும் என்கிற வசனத்தை எங்கள் பழைய போதகர் அவருக்குக் காட்டியிருந்தார். அக்கா மகனுக்கு மாத்திரையும் தவறாமல் கொடுத்தார், உபவாசமும் இருந்தார்.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை லோடு அதிகம். மயக்கமாக வரவே, ஒரு பன்னை டீயில் நனைத்துத் தின்றுவிட்டார். அன்று சாயங்காலம் மோட்டார் போடப் போன மாதேஷ் வலிப்பு வந்து கிணற்றில் விழுந்து இறந்தான். அடக்கத்தில் அக்கா வேறெதுவும் சொல்லி அழவில்லை. "பன்னு தின்னுட்டேனே, ஆண்டவரே."

இந்த மாதம் சபைக்கு வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்பு வந்தது. வேதபாடத்தில் அந்தப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்த பச்சியப்பன் தாத்தா பாதியில் நிறுத்தினார்.

"ஏனுங்க பாஸ்டர், இருபதுக்கப்புறம் இருபத்திரெண்டு வருது? அச்சடிச்சவன் தூங்கிட்டானா?"

புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் ராஜா விளக்கினார். இருபத்தொன்றாம் வசனம்தான் அந்த உபவாச வசனம்; மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. படியெடுத்த யாரோ பின்னால் சேர்த்திருக்க வேண்டும்.

"மாற்கு சுவிசேஷத்துல இருக்குதுங்களே?" தாத்தா விடவில்லை.

"அங்கயும் பழசுல ஜெபம் மட்டுந்தாங்க. உபவாசம் பின்னால வந்தது."

"இன்னைக்கு ஒரு வசனம், நாளைக்கு ஒரு அதிகாரம். எலியாட்டம் கடிச்சிட்டே வாங்க!"

சிலர் சிரித்தார்கள். பாஞ்சாலி அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ இங்கிலீஷ்ல பாரு கண்ணு."

போனில் பார்த்தேன். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இருந்தது. புதியதில் அந்த எண்ணே இல்லை. சொன்னேன்.

போதகர் அக்கா அருகே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களாக்கா? நீங்க சாப்பிட்டதால இல்லீங்க. அந்த பாரத்த இறக்கி வெச்சிடுங்க."

"அப்பிடீங்களா?" அக்கா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "அப்ப எதனாலங்க?"

போதகர் புத்தகத்தை மூடினார்.

"இத்தன வருசம் பட்டினி கெடந்தனே, அது யாரோ சேத்து எழுதுனதுக்குங்களா?"

பச்சியப்பன் தாத்தாகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மண்டியில் அவர் முன் டீயும் பன்னும் வைத்தேன். அவர் தொடவில்லை.

"வசனமே இல்லைன்னுட்டாங்களேக்கா."

அழுகிய பழம் ஒன்றை எடுத்துத் தனியே போட்டார்.

"அவனுந்தான் இல்ல. வெள்ளிக்கெழம மட்டும் வந்துட்டே இருக்குதே, கண்ணு."

டீயை ஓரமாக நகர்த்திவிட்டு, அடுத்த தக்காளி கிரேட்டைக் கவிழ்த்தார்.