கடலுக்குள் ஒரு கிணறு

கடலுக்குள் கிணறு வெட்டிய மடையன் யார் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டவன் நான். கடைசியில் மடையன் யார் என்பது மட்டும் தெரிந்துபோனது. திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துக்கு எதிரே, கடல் உள்வாங்கிய நாட்களில், அலைகளுக்கு நடுவே ஒரு கிணற்றின் சிமெண்டு உறை தலைகாட்டும். பாசி வழுக்கும், விளிம்பு உள்ளங்கையைக் கிழிக்கும். அதன்மேல் ஏறிக் குதிப்பதுதான் எங்கள் வீரம். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் கிடக்க நடுவில் ஒருவன் கிணறு வெட்டியிருக்கிறானே என்று சிரித்துச் சிரித்தே நிறைய உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

போதாக்குறைக்கு எங்கள் குப்பத்தில் தெரு எண்கள் மூன்றிலிருந்துதான் தொடங்கும். பலகை எழுதியவனுக்கு எண்ணத் தெரியாது என்பது என் தீர்ப்பு. சரித்திரப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தவர்கள் என் தீர்ப்புகளைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஒருநாள் தபால்காரர் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு திண்டாடினார். முகவரியில் 'முதல் தெரு' என்றிருந்தது. "அப்டி ஒரு தெருவே இல்ல சார், எழுதுனவன் லூசு" என்றேன். அந்த வழியாக வந்த மீன்காரி ஸ்டெல்லா அக்கா கூடையை இறக்கிவைத்துக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். பம்பாய்க்குப் போய்விட்ட அவருடைய அண்ணன் எழுதியது.

"தோ, மேல ஏறிக் குதிக்கிறியே, அது எங்க வூட்டுக் கெணறு. மொத தெருவு அங்கதான் இருந்துச்சு. கடலு துன்னுட்ச்சு. அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல."

"பீலா வுடாதக்கா."

"உன் வூடு எத்தினியாவது தெருவு? எண்ணிப் பாத்துகினு கெட" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீடு மூன்றாவது தெரு. அக்காவை நம்பாமலே, எங்கள் வாசலிலிருந்து அலை வரைக்கும் அடியளந்தேன். அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு மறுபடி அளந்தபோது அடிகள் குறைந்திருந்தன. அதிலிருந்து கடலைச் சந்தேகித்தேன். அலையைத் தடுக்கக் கரையில் கல் கொட்டியாயிற்று, இனிப் பயமில்லை என்றவர்களை இன்னும் அதிகமாகச் சந்தேகித்தேன். நான் பத்தாவது முடிப்பதற்குள் எங்கள் தெருவும் போய்ச் சேர்ந்தது. இங்கே முன்பு என்ன இருந்தது, அது ஏன் போயிற்று, அதைச் சொல்லாமல் விடுவதில் யாருக்கு லாபம் என்று கேட்பதும் சரித்திரம்தான் என்பதை, அரசர்கள் மரம் நட்டதை மனப்பாடம் செய்த வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது அந்த உறை கருங்கல் குவியலுக்கு அடியில் கிடக்கிறது. ஸ்டெல்லா அக்கா, வீடிழந்தவர்களுக்குக் கொடுத்த எர்ணாவூர்க் குடியிருப்புக்குப் போய்விட்டார். தெருப் பலகைகள் ஐந்திலிருந்து தொடங்குகின்றன. அந்த ஐந்தாவது தெருவில், வாழ்நாள் சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு வீடு வாங்குவதற்காக, போன மாதம் என் தங்கை என்னைச் சாட்சிக்கு அழைத்துப் போனாள். கையெழுத்துதான் பாக்கி.

"கடலு எந்தக் காலத்துலயும் இங்க வந்ததில்ல சார்" என்றார் தரகர்.

"நாலாவது தெரு எங்க நைனா?"

"பலகை எழுதுனவனுக்கு எண்ணத் தெரியாது சார்."

வார்த்தைக்கு வார்த்தை என்னுடைய பழைய தீர்ப்பு. விடுவேனா? கிணறு, கடிதம், அடியளந்த கதை எல்லாவற்றையும், ஏழாவது தெருவில் சொந்த வீடு கட்டி உட்கார்ந்திருப்பவனின் தெம்போடு, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். தங்கை கடைசிவரை கேட்டாள். பேனாவை மூடினாள். பத்திரத்தைத் தரகர் பக்கம் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப உன் வூட்ட எப்பண்ணா விக்கப் போற?"